ஆலைக் கழி

கோவர்த்தனன் ஏன் செத்தான் என்று கேட்டால் எங்கள் ஊரில் இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்வார்கள். பெண்டாட்டி சத்தியத்தை மீறிவிட்டாள், சாமி அடித்துவிட்டது என்பார்கள் பாதிப்பேர். தலையெழுத்து என்பார்கள் மீதிப்பேர். இரண்டும் உளறல். வாயிருக்கிறது என்று பேசுகிறார்கள். நடந்ததைக் கூடவே இருந்து அறிந்த ஆள் ஊரில் இரண்டே பேர். ஒருத்தி தாட்சாயணி. இன்னொருத்தன் நான்.

தாட்சாயணி என் சித்தப்பா மகள். எங்கள் அத்தை வெங்கடம்மாவின் ஒரே பிள்ளைதான் கோவர்த்தனன். அத்தை மகனையே கட்டிக்கொண்டு உள்ளூரிலேயே இருந்தாள். எனக்கு அவள் தங்கச்சி, அவன் மச்சான். அவர்கள் நிலமும் என் நிலமும் ஒரே வரப்பு.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். டீக்கடையில் உட்கார்ந்தால் இதே வாக்குவாதம். நான் அதில் தலையைக் கொடுக்கவில்லை. எந்த ராஜ்யமானாலும் தை பிறந்தால் கரும்பு வெட்டுக்கு வந்துவிடும்.

அந்த வருஷம் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து புத்தூர் ஏகாம்பரத்தின் ஆலையை வாடகைக்குக் கொண்டுவந்தோம். இரும்பு ஆலை. மூன்று உருளைகள் நட்டமாக நிற்கும். அதன் உச்சியில் ஒரு நீளக் கழியைப் பொருத்தி, கழி நுனியில் மாடுகளைப் பூட்டி வட்டமாக ஓட்ட வேண்டும். கழி சுற்றினால் உருளை சுற்றும். உருளைக்குக் கரும்பு கொடுக்கிறவன் நடுவில் சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பான். கழி அவன் தலைக்கு மேலே போய்ப் போய் வரும். வேலை முடிகிறவரைக்கும் அவன் நிமிரவே கூடாது. எழுந்திருக்க வேண்டுமென்றால் மாட்டை நிறுத்தச் சொல்லி ஒரு குரல் கொடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஆலையில் மனுஷ ரத்தம் பட்டால் அந்த நிமிஷமே மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். பதினோரு நாள் ஆலை ஓடக்கூடாது. பன்னிரண்டாம் நாள் ஆடு வெட்டி, கழியைக் கழுவி, பூசை போட்ட பிறகுதான் மறுபடியும் மாடு கட்டலாம். ஏகாம்பரம் ஆலையைக் கொடுக்கும்போதே கற்பூரத்தை ஏற்றி, அதன்மேல் கையடித்து ஒத்துக்கொள்ள வைப்பார். எங்கள் ஐந்து பேருக்காகவும் புத்தூருக்குப் போய்க் கையடித்துவிட்டு வந்தவன் கோவர்த்தனன்தான். அதனால் முதல் முறை அவனுக்கு. இரண்டாவது முறை எனக்கு.

நான் ஒரு அவசரக்குடுக்கை. என் முறை புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமையே ஆளை விட்டு அரைக் காணி கரும்பை வெட்டிப் போட்டுவிட்டேன். வெட்டின கரும்பு மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் சாறு புளித்துவிடும். புளித்த சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் வெல்லம் திரளாது, கூழாட்டம் நிற்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதுதான் அவனைக் கொன்றது.

திங்கட்கிழமை காலை. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. நகரி மூக்கு மலை கண்ணுக்கே தெரியவில்லை. கோவர்த்தனன் பள்ளத்தில் உட்கார்ந்து கரும்பு கொடுக்க, தாட்சாயணி மாட்டை ஓட்டினாள். முதல் கொப்பரைச் சாறு அடுப்பில் கொதிக்கிறது. அத்தை வீட்டுக்குக் கூழ் எடுத்துவரப் போயிருந்தாள். அந்த முதல் கொப்பரை வெல்லம் காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு என்று எடுத்துவைப்பது எங்கள் வழக்கம். அது பொங்கி வழியக்கூடாது. தாட்சாயணி மாட்டுக்குப் பின்னால் சுற்றி வரும்போது நுரை கொப்பரை விளிம்புக்கு ஏறிவிட்டதைப் பார்த்தாள்.

"பொங்குது மாமா, பொங்குது!" என்று கத்தினாள்.

அவன் சட்டென்று எழுந்தான். மாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. கழி வந்து இடது தாடைக்குக் கீழே, கழுத்தில் அடித்தது.

இதை நான் பார்க்கவில்லை. பிற்பாடு தாட்சாயணி சொன்னது. அவன் சக்கைமேல் விழுந்து, கொஞ்ச நேரம் கண் சொருகிக் கிடந்தான். தாடையில் ஒரு விரல்நீளம் கிழிந்து ரத்தம். இவள் கொப்பரையைப் பார்ப்பாளா, மாட்டைப் பார்ப்பாளா, அவனைப் பார்ப்பாளா? அழுதுகொண்டே தண்ணீர் தெளித்தாள். அவன் எழுந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கொப்பரை வழிஞ்சிட்டுதா?"

"கொப்பரை எக்கேடு கெட்டா இன்னா மாமா! கழுத்துல பட்டுட்டுதே. கழியெல்லாம் ரத்தமா கீது. ஊர்ல சொல்லி மாட்ட அவுத்துடலாம்."

"வாய மூடு மே. மாட்ட அவுத்தா பதினோரு நாளு. உங்கண்ணன் கரும்பு வெட்டிப் போட்டுட்டு உக்காந்துகினு கீறான். அவன் வயித்துல அடிக்கச் சொல்றியா? நான்தான கையடிச்சிட்டு வந்தேன்?"

"அதுக்காண்டி?"

"அதுக்காண்டிதான். எனக்கு ஒண்ணியும் இல்ல. கய்ய இங்க குடு."

அவள் வலது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"காணிப்பாக்கம் சாமி மேல, என் தலை மேல சத்தியம் பண்ணு. கழி அடிச்சத யாராண்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. எங்கம்மா கேட்டாலும் சரி, எவன் கேட்டாலும் சரி. நானா சத்தியத்த அவுத்து வுடற வரிக்கும்."

எங்கள் பக்கத்தில் காணிப்பாக்கம் சத்தியம் என்றால் அவ்வளவுதான். அதற்குமேல் பேச்சு கிடையாது. திருடனே அந்தக் கோயில் குளத்தில் முழுகிவிட்டுப் பொய்ச் சத்தியம் செய்ய நடுங்குவான். அதுவும் புருஷன் தலைமேல் கை. மீறினால் அந்தத் தலைக்குத்தான் ஆபத்து. அவள் சத்தியம் செய்தாள்.

நான் அங்கே போனபோது அவள் கழியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காலால் சக்கையைத் தள்ளி எதையோ மூடினாள். மூடுவதற்குள் பார்த்துவிட்டேன். உள்ளங்கை அகலம் ரத்தம். கோவர்த்தனன் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கொப்பரையில் அழுக்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சான், துண்டு கட்டிக்கினு கீறே?"

"பல்லு வலி மச்சான். ராவுல இருந்து."

"மாட்டு மேல ஏதாச்சும் காயமா? சக்கையில ரத்தமாட்டம்..."

"மாட்டுக் கொம்புல கீறிக்கிச்சு. நீ போயி உன் கரும்ப நெழல்ல போடு, காஞ்சிடப் போவுது."

மாட்டுக் கொம்பில் கீறலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கழியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறவள் எதைத் தேய்க்கிறாள் என்று தெரியாதவனா நான்? தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் வரப்பில் என் கரும்பு மலையாகக் கிடந்தது. சரி மச்சான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். போய் என் கரும்பின்மேல் காய்ந்த தோகையைப் போட்டு மூடினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அவனைப் பார்த்தால் இடது கண்ணின் மேல் ரெப்பை பாதி இறங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். இரண்டு நாளாக அடுப்படியில் நிற்கிறவன்தானே.

"ஒரு கண்ணு தூங்குது, ஒரு கண்ணு முழிச்சிகினு கீது. நல்ல ஆளுய்யா நீ! எந்தக் கண்ணுக்கு சம்பளம்?" என்று கேலி செய்தேன்.

சிரித்தான். "அது கெடக்கட்டும் மச்சான். இந்தக் காதுல கொப்பரை கொதிக்கிற சத்தம் வுடாம கேக்குது. புஸ்ஸு புஸ்ஸுன்னு. வூட்டுக்குப் போயி படுத்தாலும் கேக்குது."

"வெல்லம் உன்ன வுட மாட்டேங்குது."

அத்தை அவனுக்குப் பல்வலி என்று நம்பிக் கிராம்பை நசுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையின் இடது பக்கம் விண் விண்ணென்று தெறிக்கிறது என்றும் சொன்னான். தாட்சாயணி அவனிடம் தனியாகக் கெஞ்சியிருக்கிறாள்.

"புத்தூருக்குப் போயி ஒரு கட்டாச்சும் போட்டுக்கினு வரலாம் மாமா."

எங்கள் பக்கத்தில் அடி என்றாலே புத்தூர்க் கட்டுதான் நினைவுக்கு வரும். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "எலும்பா ஒடைஞ்சி கீது? கட்டு போட்டுக்கினு வந்தா ஊரே கேக்கும். சாயந்தரத்துக்குள்ள ஏகாம்பரத்துக்கு எட்டிடும். கம்முனு இரு."

புதன்கிழமை விடிந்ததும் என் முறை. என் பெண்டாட்டி இந்திராணியும் ஆட்களும் ஆலையில். பதம் பார்க்க ஊரில் கோவர்த்தனனைவிட்டால் ஆள் கிடையாது. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தே இறக்குகிற நேரத்தைச் சொல்லிவிடுவான். தலைவலியோடு வந்து நின்றான், தாட்சாயணியும் பின்னாலேயே வந்தாள். வரவேண்டாம் என்று நான் சொன்னேனா? இல்லை. வாய் நிறைய வா மச்சான் என்றேன்.

துடுப்பை வலது கையில் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து துடுப்பு நழுவிக் கொப்பரைக்குள் விழுந்தது. அதை அவன் எடுக்கப் போகவில்லை. கையைப் பார்த்தான். அடுத்தவன் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். வாய் வலது பக்கமாகத் தொங்கியது. காலும் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான்! இன்னாய்யா? இன்னா பண்ணுது?"

"பொங்குது" என்றான்.

"ஒண்ணும் பொங்கல. கொப்பரை நல்லாதான் கீது. உனக்கு இன்னா பண்ணுது?"

"பொங்குது. பொங்குது."

அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவன் வாயில் வேறு எதுவும் வரவில்லை. பேரைக் கேட்டாலும் அதுதான், தண்ணீர் வேணுமா என்றாலும் அதுதான். என் கொப்பரையைப் பற்றிக் கவலைப்படுகிறான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தாட்சாயணி மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாட்டு வண்டியில் புத்தூர், அங்கிருந்து பஸ்ஸில் திருப்பதி. அவனை நானும் தாட்சாயணியும் இருபக்கமும் தாங்கிக்கொண்டு போனோம். அத்தையைப் பின்னால் வரச் சொன்னோம். என் ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்திராணியிடம், "நீ பாத்துக்க, நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்த நேரத்திலும் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் பெயரும் ஊரும் எழுதுகிறவர் தெலுங்கில் கேட்டு எழுதினார். வார்டில் நாராயணசாமி என்று ஒரு டாக்டர். நாற்பது வயதுகூட இருக்காது. மெட்ராஸில் படித்தவர், தமிழும் பேசுவார். முதலில் எங்களைத் தெலுங்குக்காரர்கள் என்று நினைத்துத் தெலுங்கிலேயே கேட்டார்.

"தெப்ப ஏமன்னா தகிலிந்தா?"

அடி ஏதாவது பட்டதா என்று அர்த்தம். தாட்சாயணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

"லேது சார்" என்றேன். இல்லை என்று.

அது அவ்வளவு சுலபமாக வந்தது. தமிழில் கேட்டிருந்தால் பொய் வந்திருக்காது என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அது சப்பைக்கட்டு. தமிழில் கேட்டிருந்தாலும் தமிழில் பொய் சொல்லியிருப்பேன். என் ஆலை ஓடிக்கொண்டிருந்ததே.

டாக்டர் நல்ல மனுஷன். கையைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தைக் கீறிப் பார்த்தார், ரத்தத்தை எடுத்து அனுப்பினார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வியாழக்கிழமை மறுபடியும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று யோசித்தார்.

"முப்பத்திரண்டு வயசு. ரத்தக் கொதிப்பு இல்ல. இருதயம் நல்லா இருக்கு. சர்க்கரை இல்ல. கெட்ட வியாதி எதுவும் இல்ல. இவருக்கு ஏன் வாதம் வரணும்? இந்தத் தாடையில என்ன காயம்?"

"பல்லு வலின்னு சொரிஞ்சிக்கினாரு சார்" என்றேன்.

"எங்கயாவது விழுந்தாரா? மரத்துல ஏறினாரா? யாராச்சும் அடிச்சாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

"லேது சார். ஒண்ணும் இல்ல."

நர்ஸ் ரத்னம்மா அவனுக்குக் கஞ்சி புகட்டும் விதத்தைத் தாட்சாயணிக்குச் சொல்லிக்கொடுத்தாள். தலையைத் தூக்காதே, ஒருச்சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடு என்று. கஞ்சி பாதி வாயில், பாதி தலையணையில். ஜன்னலுக்கு வெளியே மொட்டை போட்ட யாத்திரைக்காரர்கள் குடும்பம் குடும்பமாகச் சந்தனம் பூசிக்கொண்டு போவார்கள். தாட்சாயணி அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு நான் வாங்கிக்கொடுத்த இட்லி பொட்டலத்திலேயே காய்ந்து கிடக்கும்.

"துன்னு மே. நீயும் விழுந்துட்டா யாரு பாக்கறது?"

"எறங்கல அண்ணா."

அவள் என்னிடம் எதையோ கேட்க வருவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். நான் கேட்காமல் பார்த்துக்கொண்டேன். அவளைக் கட்டிப்போட்டிருந்தது எது என்று எனக்கு அப்போது தெரியாது. ஆலைக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து வாயை மூடியிருக்கிறாள், என்னைப் போல என்று நினைத்தேன். அந்த மாதிரி நினைத்ததற்காகவே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் வந்ததும் வராததுமாக அவன் இடது கண்ணைக் கட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். விளக்கை அடித்து வலது கண்ணையும் பார்த்தார். அப்புறம் தாட்சாயணியிடம் திரும்பினார். என்னிடம் கேட்கவில்லை.

"இந்தக் கண்ணு ரெப்பை எப்ப தொங்கிச்சும்மா? கை விழுந்தப்புறமா, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி" என்றாள்.

"எத்தனை நாள் முன்னாடி?"

"ஒரு நாளு. செவ்வாக்கெழம."

டாக்டர் அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொறுமையாகச் சொன்னார். "பாரும்மா. மூளையில இடது பக்கம் அடைச்சா வலது கை விழும், பேச்சு போகும். அது சரி. ஆனா இடது ரெப்பை ஏன் தொங்கணும்? கண்மணி ஏன் சுருங்கணும்? அது மூளை வேலை இல்ல. அந்த நரம்பு கழுத்துல, மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய ஒட்டிக்கிட்டே மேல போகுது. கழுத்துலதான் என்னமோ நடந்திருக்கு. அது எனக்குத் தெரிஞ்சா ஒரு வழி பார்க்கலாம். தெரியாம நான் கண்ண மூடிக்கிட்டு வைத்தியம் பண்ணிட்டிருக்கேன். அடி பட்டுச்சா?"

வாயைத் திறந்தேன். மூன்றாவது தடவையாக அந்த லேது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியும் விட்டேன். "லேது சார்."

தாட்சாயணி என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. கட்டிலுக்குப் போனாள். அவனுடைய நல்ல கையை, இடது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"மாமா. அவுத்து வுடு மாமா. உன் வாயால ஒரு வார்த்த சொல்லு. சொல்லட்டுமா?"

அவன் அவளையே பார்த்தான். உதடு கோணிக்கொண்டு அசைந்தது.

"பொங்குது."

"தலையையாச்சும் ஆட்டு மாமா. நான் சொன்னா உனக்கு ஆவுமா, ஆவாதா? அவுத்து வுட்டுட்டியா?"

"பொங்குது. பொங்குது."

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் காதுக்குள் இறங்கியது. அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் அவன் தலைமேல் கையை வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு டாக்டரிடம் வந்து, கழி அடித்ததையும், எங்கே அடித்தது, எந்தக் கிழமை, எப்படி விழுந்தான், காதில் என்ன சத்தம் கேட்டது என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். சத்தியத்தையும் சொன்னாள். எனக்குச் சத்தியம் தெரிந்தது அப்போதுதான்.

டாக்டர் திட்டவில்லை. குழாயை எடுத்து அவன் இடது தாடைக்குக் கீழே வைத்தார். நெஞ்சில் வைத்துக் கேட்டவருக்குக் கழுத்தில் வைக்கத் தோன்ற யாரும் காரணம் கொடுக்கவில்லையே. வெகுநேரம் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு என் காதில் குழாயை மாட்டினார்.

"கேளுங்க."

புஸ்ஸு, புஸ்ஸு, புஸ்ஸு என்று கேட்டது. கொப்பரை கொதிக்கிற சத்தமேதான். செவ்வாய்க்கிழமை அவன் சொன்னதும் நான் சிரித்ததும் எனக்கு நினைவு வந்தது. குழாயைக் கழற்றிக் கொடுத்தேன்.

"வெளிய ஒரு கீறல்தான் தெரியும்" என்றார் டாக்டர். "உள்ள ரத்தக் குழாயோட உள்தோல் கிழிஞ்சு மடங்கியிருக்கும். அங்க ரத்தம் கட்டும். அந்தக் கட்டியில ஒரு துணுக்கு பிச்சிக்கிட்டு மேல போய் அடைச்சிருக்கு. அதனாலதான் ரெண்டு நாள் நல்லா இருந்திருக்கார். மெட்ராஸ்ல இந்தக் குழாய்க்குள்ள மருந்து ஏத்தி எக்ஸ்ரே படம் எடுக்கறாங்க. எங்க கிழிஞ்சிருக்குன்னு அதுல தெரிஞ்சிடும். நாளைக்குக் காலையில ரயில்ல அனுப்பறேன். லெட்டர் தரேன். தலையை ஆட்டவே கூடாது."

"மொத நாளே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரா சார்?" என்று கேட்டாள் தாட்சாயணி.

டாக்டர் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார். "புதன்கிழமையே மெட்ராஸுக்கு அனுப்பியிருப்பேன். ரத்தம் கட்டாம இருக்க அங்க ஊசி இருக்கு. கண்டிப்பாப் பொழைச்சிருப்பார்னு சொல்ல என்னால முடியாதும்மா. வழி இருந்திருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும். இன்னும் ஒண்ணும் ஆயிடல, அழாத."

அன்று மத்தியானத்திலிருந்து அவனுக்கு நினைவு மங்கத் தொடங்கியது. மூளை வீங்குகிறது என்றார்கள். அத்தை வந்து சேர்ந்தபோது அவன் பொங்குது என்று சொல்வதையும் நிறுத்தியிருந்தான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டிரெச்சரில் வைத்து, கழுத்துக்கு இரண்டு பக்கமும் மணல் பை அடைகொடுத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். வண்டி வந்து நின்றது. மெட்ராஸ் டாக்டருக்கு எழுதிய கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ரத்னம்மா நாடியைப் பிடித்துப் பார்த்தாள். திரும்பவும் பிடித்துப் பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அவ்வளவுதான். வண்டிக்காரன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

ஆலையில் ரத்தம் பட்டதும் தாட்சாயணி சத்தியத்தை மீறியதும் ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. ஏகாம்பரம் வந்து ஆலையைக் கழற்றிக்கொண்டு போனார். அதற்குள் என் கரும்பு முழுசும் ஆட்டி முடிந்திருந்தது. மற்ற மூன்று வீட்டுக் கரும்பும் வயலிலேயே நின்றது.

பதினோராம் நாள் கருமாதி. என் கரும்பில் காய்ச்சிய வெல்லத்தில் நான்கு அச்சு எடுத்துப் போய்க் கொடுத்தேன், படையலுக்கு ஆகட்டும் என்று. நல்ல வெல்லம். பொன் நிறம். பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. வெங்கடம்மா அத்தை திடீரென்று மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கேளுங்க ஊர்க்காரங்களே! வெள்ளிக்கெழம காலைல இவ வாயத் தொறந்தா, மறுநாள் காலைல என் புள்ள கண்ணு மூடிட்டான்! காணிப்பாக்கத்து சாமி மேல சத்தியம். அவன் தலையில கைய வெச்சி பண்ண சத்தியம். ஒரு பொம்பளைக்கு வாய அடக்கத் தெரியல. என் புள்ளையத் துன்னுட்டா!"

ஒன்றிரண்டு கிழவிகள் ஆமாம் என்று மூக்கைச் சிந்தினார்கள். தாட்சாயணி மூலையில் தாலி இழந்த கழுத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, டாக்டரு சொல்லும்போது நீதான கூட இருந்தே? நீ சொல்லு. நான் சொன்னதுனால செத்தாரா, சொல்லாததுனால செத்தாரா?"

பந்தலே என்னைப் பார்த்தது. நான் என்ன சொல்வது? சத்தியத்தை மீறியதால் அல்ல என்று சொன்னால், சொல்லாமல் இருந்த அந்த நான்கு நாளால் என்றாகிவிடும். எதைச் சொன்னாலும் அவள் தலையில்தான் விழும். இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்காரலாம் என்று பார்த்தேன். என் முன்னால் அந்த நான்கு அச்சு வெல்லம் இலையில் இருந்தது.

எழுந்து நின்றேன்.

"ரெண்டும் இல்ல மே. என்னால செத்தான். திங்கக்கெழம காலைல சக்கையில ரத்தத்தப் பாத்தேன். நீ கழியத் தேச்சத பாத்தேன். கழி அடிச்சி கீதுன்னு எனக்கு அப்பவே தெரியும். என் கரும்பு புளிச்சிடும்னு வாய மூடிக்கினேன். டாக்டரு மூணு வாட்டி கேட்டாரு. மூணு வாட்டியும் நான்தான் லேதுன்னேன். நீ சத்தியத்துக்குக் கட்டுப்பட்டே. அவன் தலை போயிடும்னு பயந்தே. நான் யாருக்கும் சத்தியம் பண்ணல. என்ன எவனும் கட்டிப் போடல."

யாரோ தூ என்று துப்பினார்கள். யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தாட்சாயணி எழுந்து வந்தாள். பத்து நாளாகக் குனிந்தே நடந்தவள் நிமிர்ந்து வந்தாள். இலையிலிருந்த நான்கு அச்சையும் ஒவ்வொன்றாக எடுத்து என் துண்டில் போட்டாள்.

"இத்த நீயே எடுத்துக்கினு போயி துன்னு."

துண்டை முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வெல்லத்தை நானும் தின்னவில்லை, விற்கவும் இல்லை. அடுக்குப் பானையில் கிடந்து எறும்பு தின்று தீர்த்தது.

அப்புறம் திருத்தணி மெட்ராஸோடு போயிற்று, நாங்கள் ஆந்திராவோடு நின்றோம். அதுவும் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அத்தையும் போய்ச் சேர்ந்தாள். கடைசி நான்கு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தவளுக்குச் செய்ததெல்லாம் தாட்சாயணிதான். அவள் என்னோடு பேசுவதில்லை. வரப்பில் எதிரே வந்தால் மட்டும் நின்று, வாய்க்கு வந்தபடி திட்டுவாள். கரும்புக்காகத் தங்கச்சி தாலியை அறுத்தவன் என்பாள். குரல் கணீரென்று நாலு வயலுக்குக் கேட்கும். கருமாதிக்கு முன்னால் அந்தப் பத்து நாளும், என்னால செத்தாரு, நான் கத்தினதாலதான் எழுந்தாரு என்று முனகிக்கொண்டிருந்தாளே, அந்த முனகல் அதற்கப்புறம் அவளிடம் இல்லை. என் பேரன்கள் சண்டைக்குப் போகப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். அவள் திட்டி முடிக்கிறவரை வரப்பில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன்.